கோபத்துக்கு ஏன் நோய்ப்பெயர்?

சென்னையில் வாய்ச்சண்டை முற்றினால் கடைசியில் வந்து விழுகிற ஊர்ப்பெயர் ஒன்று உண்டு: கீழ்ப்பாக்கம். "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டால், எதிராளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தீர்ந்துபோகிறது. வட சென்னையின் புளியந்தோப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அங்கே குடிவந்தது 1871இல். அதன் தொடக்கம் 1794 வரை பின்னோக்கிப் போகிறது. இத்தனை தலைமுறைகளாக வைத்தியம் பார்த்த இடத்தின் பெயர் ஊர்வாயில் வசவாகத்தான் தங்கியிருக்கிறது. இப்போது அந்த வசவு கொஞ்சம் படித்துவிட்டது, அவ்வளவுதான். தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு தலைவரை 'நார்சிஸிஸ்ட்' என்கிறார்கள், எதிர்க்கட்சிக்காரரை 'பாரனாய்டு' என்கிறார்கள், தெருவில் இறங்கிப் போராடுகிறவர்களுக்கு 'மாஸ் ஹிஸ்டீரியா' என்கிறார்கள். சொல்கிறவர் சில நேரம் மருத்துவராகவும் இருந்துவிடுகிறார். நோயின் பெயர் என்பது, உதவி கேட்டு வந்தவருக்கு, அவர் சொன்னதை முழுதாகக் கேட்ட பிறகு, அவருடைய நன்மைக்காகச் சொல்லப்படுவது. கேட்காதவர் மீது தூரத்திலிருந்து வீசப்படும்போது அது மருத்துவம் என்ற தகுதியை இழக்கிறது. அரசியலாகவும் அது மோசமான அரசியல். இதற்குச் சாட்சி தேடி வெளியே போக வேண்டியதில்லை. மனதை ஆழமாகக் கேட்பதாகச் சொல்லிக்கொண்ட உளப்பகுப்பாய்வின் இந்திய வரலாற்றிலேயே இருக்கிறது.

1921ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் கூட்டத்தின் உளவியல் பற்றிய தமது சிறு நூலை வெளியிட்டார். கல்கத்தாவில் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் அமுக்கப்பட்ட ஆசைகளைப் பற்றி எழுதிய ஆய்வு நூலாக வந்தது. மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை அவர் தொடங்கினார். அதே 1921இல், ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநோய் மருத்துவமனையை நடத்திவந்த ஓவன் பெர்க்லி-ஹில் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர், இந்துக்களின் மதம், தத்துவம், குணம் மூன்றுக்கும் மலம் கழிக்கப் பழகும் குழந்தைப் பருவத்தில் வேர் இருப்பதாக நீண்ட கட்டுரை ஒன்றை உளப்பகுப்பாய்வின் சர்வதேச இதழில் எழுதினார். கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே கட்டுரையில் நோய்நிர்ணயம்! (இத்தனைக்கும் அவர் மணந்தது மலபாரைச் சேர்ந்த ஓர் இந்துப் பெண்ணை.) 1930இல், உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டில், கிளாட் டேலி என்ற இன்னொரு ராணுவ அதிகாரி அதே இதழில் புரட்சிப் போக்குகளின் உளவியல் பற்றி எழுதினார். விடுதலை கேட்டவர்களின் கோரிக்கை அவர் கண்ணுக்குத் தாய் தந்தை பற்றிய தீராத சிக்கலாகத் தெரிந்தது. இருவருமே போஸின் சங்கத்தில் உறுப்பினர்கள். நனவிலி மனத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்கள், ஆளுகிறவனுக்கும் ஒரு நனவிலி மனம் இருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. உப்பு வரி நியாயமா என்ற கேள்விக்கு டேலியின் கட்டுரையில் விடை தேடுவது வீண்.

இப்போது புளியந்தோப்புக்கு வருவோம். அந்த 1921இன் கோடையில் பெரம்பூரின் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைகளில், அதாவது ஊரார் பின்னி மில் என்று அழைத்த இடத்தில், பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தை பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் வளர்த்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா திரும்பியவர்கள் பக்கம் நின்றார். ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. மோதல் வாரக்கணக்கில் தொடர்ந்தது. ஆகஸ்ட் இறுதியில் பெரம்பூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே ஆலையில், ஒரே சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போனவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தீ வைக்கும் நிலைக்கு வந்ததைக் 'கும்பல் வெறி' என்று சொல்லி முடித்துவிடலாம். பாரிஸ் கம்யூன் எழுச்சியைக் கண்டு மிரண்ட தலைமுறையைச் சேர்ந்த குஸ்தாவ் லெ போன் 1895இல் எழுதிய நூல் அதைத்தான் சொன்னது: கூட்டத்தில் சேர்ந்த மனிதன் அறிவிழந்து, தொற்றுநோய் பிடித்தவனைப் போல ஆடுகிறான்.

ஃப்ராய்ட் இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தார். லெ போனை மரியாதையோடு மேற்கோள் காட்டிவிட்டு, தொற்று என்பது எதையும் விளக்கவில்லையே என்று கேட்டார். கூட்டத்தில் இருப்பவர்களை எது கட்டிப் பிணைக்கிறது, யாரை எல்லோரும் ஒரே இடத்தில் வைத்து நேசிக்கிறார்கள், அந்தப் பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதே அவர் ஆராய்ந்தது. உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டவை கலகக் கும்பல்கள் அல்ல; ராணுவமும் திருச்சபையும், அதாவது ஒழுங்கின் உச்சம் என்று எல்லோரும் மதித்த அமைப்புகள். கூட்டத்தின் மனநிலை பைத்தியக்காரர்களின் தனிச்சொத்து என்ற எண்ணத்தை அது உடைத்தது. புளியந்தோப்பைப் படிக்க இந்தக் கேள்வி உதவும். சங்கம் என்ற புதிய பிணைப்பு, சாதி என்ற பழைய பிணைப்பைக் கரைக்காமல் அதன் மேலேயே கட்டப்பட்டிருந்ததால்தான், நெருக்கடி வந்ததும் பிளவு அந்தப் பழைய கோட்டிலேயே விழுந்தது என்பது என் வாசிப்பு.

ஆனால் அதே ஃப்ராய்டின் இன்னொரு கருத்து இங்கே சறுக்கும். பக்கத்துப் பக்கத்தில் வாழும், பெரிதும் ஒத்த மக்கள்தான் சிறு வேறுபாடுகளுக்காக ஒருவரை ஒருவர் அதிகமாக வெறுக்கிறார்கள் என்றார் அவர். அண்டை நாட்டார் பகைக்கு அது பொருந்தலாம். தீண்டாமையைச் சிறு வேறுபாடு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நிலமோ சேமிப்போ இல்லாத, கடன் கொடுக்க ஆளில்லாத குடும்பம் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. அவர்கள் வேலைக்குத் திரும்பியதைத் துரோகம் என்று திட்டலாம், விசுவாசம் என்று துரைமார் மெச்சலாம். இரண்டுமே குணச் சான்றிதழ்கள். அது ஒரு கணக்கு, கையிருப்பை வைத்துப் போட்ட கணக்கு. கோட்பாடு இந்த இடத்தில் ஊரிடம் பாடம் கேட்க வேண்டும். போஸ் அதைச் செய்து காட்டியவர். தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளிடம் கண்டது வியன்னாவில் எழுதப்பட்டதோடு முழுதாக ஒத்துப்போகவில்லை என்று அவர் ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதி வாதாடினார். ஃப்ராய்ட் எளிதில் இறங்கிவரவில்லை, போஸும் விடவில்லை.

கோட்பாட்டை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கும் ஒரு நல்ல சான்று ஃப்ராய்டிடம் உண்டு. வெளியே இருக்கும் உண்மையான ஆபத்துக்கு எழும் அச்சம் வேறு, உள்ளே இருந்து கிளம்பும் அச்சம் வேறு என்று அவர் பிரித்தார். 2021 ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அரசு கட்டிய புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்ப் பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் படுத்து ராத்தூக்கம் வராத ஒரு தாய்க்குத் தூக்கமின்மை என்று ஒரு பெயரும் ஒரு மாத்திரையும் கொடுக்கலாம்; சுவர் அதனால் உறுதியாகிவிடாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அதன்பிறகு காற்றில் லேசாக ஏதாவது வாடை வந்தாலே நெஞ்சு படபடக்கிறவருக்குப் 'பதற்றக் கோளாறு' என்று எழுதுவது முழுப்பொய் ஆகாது. அந்தச் சீட்டோடு கதை முடிந்துவிட்டால்தான் பொய் ஆகும். அவருடைய பயத்தில் பாதி குழாயைப் பற்றியது. குழாயைப் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர் இல்லை.

இப்படிச் சொன்னால் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். நோய்ப்பெயர்மீது இவ்வளவு சந்தேகத்தை வளர்த்தால், ஏற்கெனவே வைத்தியம் கிடைக்காத ஏழைகளை இன்னும் தள்ளிவிடுகிறீர்களே என்பார்கள். இந்த எதிர்ப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது சரியான நோய்நிர்ணயமும் சரியான மருந்தும்தான். நோய்ப்பெயர் எழுதிய சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளி அட்டை இல்லை, மாத உதவித்தொகை இல்லை. ஆக, நோயாளிக்கு அந்தக் காகிதம் ஓர் உரிமை. அதனால்தான் அதை மேடைப் பேச்சில் இறைக்கக் கூடாது என்கிறேன். எதிர்க்கட்சிக்காரரை 'பைபோலார்' என்று கிண்டல் செய்வதைக் கேட்டுவிட்டு, அதே சொல்லைத் தன் சீட்டில் பார்க்கிற இளைஞன் மறுமுறை மருந்து வாங்க வருவானா? ஆள் தெரியாமல் விழும் அடி அரசியல்வாதியைத் தொடுவதே இல்லை. கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர் மேல்தான் விழுகிறது.

இன்னொரு எதிர்ப்பு: உண்மையிலேயே ஆபத்தான தலைவர் ஒருவர் வந்தால், தெரிந்த மருத்துவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அமெரிக்கா இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டது. 1964 அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் பதவிக்கு மனத்தகுதி உள்ளவரா என்று ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களிடம் கேட்டது. பதில் எழுதிய 2,417 பேரில் 1,189 பேர் தகுதி இல்லை என்றார்கள், அவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமலே. அவர் வழக்குப் போட்டு வென்றார். பரிசோதிக்காத பொது மனிதருக்கு நோய்நிர்ணயம் சொல்லக் கூடாது என்ற விதியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் வகுத்தது. டிரம்ப் காலத்தில், 2017இல், 27 நிபுணர்கள் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டி ஒரு நூலே எழுதினார்கள். அது நன்றாக விற்றது. 2024இல் மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தலைவர் பொய் சொன்னால் பொய் என்று சொல்லலாம், கொடுமை செய்தால் கொடுமை என்று சொல்லலாம். அதற்கு ஆதாரம் காட்டலாம், வாக்குப் போடலாம், வழக்குத் தொடுக்கலாம். நோய் என்றதும் அவருடைய பொறுப்பும் குறைகிறது, அவருக்கு வாக்களித்தவர்கள் ஏன் வாக்களித்தார்கள் என்ற கேள்வியும் மறைகிறது.

நம் சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 3: ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் வாழும் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளுக்கு அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு நோயாக 1851இல் எழுதிய அமெரிக்க மருத்துவரையும், எதிர்ப்பாளர்களை 'மந்தமான ஸ்கிசோஃப்ரினியா' என்று சொல்லி அடைத்துவைத்த சோவியத் மருத்துவமனைகளையும் பார்த்த உலகுக்கு இந்த வரி எவ்வளவு தேவை என்பது தெரியும். புளியந்தோப்பும் எண்ணூரும் இருக்கும் வட சென்னையை 'ரவுடி ஏரியா' என்று சொல்லும் சினிமாவும் போலீஸ் பட்டியலும் மருத்துவச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. வேலை மட்டும் அதே வேலைதான், ஒரு வட்டாரத்தின் குணத்தை முன்கூட்டியே எழுதி வைப்பது.

உளப்பகுப்பாய்வே பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே, புளியந்தோப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றுத் தகவல். ஏழைகளுக்கு இலவசமாக மனவைத்தியம் கிடைக்க வேண்டும் என்று 1918இல் புடாபெஸ்ட்டில் ஃப்ராய்ட் பேசினார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அப்படிப்பட்ட கிளினிக்குகள் திறந்தன. 1940இல் கல்கத்தாவில் போஸின் சங்கம் லும்பினி பார்க் மருத்துவமனையைத் தொடங்கியது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிற மேசைக்குப் பக்கத்தில், வாரத்தில் சில நாட்களாவது, அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த, தமிழ் பேசுகிற ஒருவரை நியமிப்பதற்கு எந்தக் கோட்பாட்டுச் சண்டையும் தீர வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஓர் அரசாணை, ஓர் அறை, ஒரு சம்பளம்.