சிரிச்ச முகம் யாருக்கு?

"தங்கமான குணம், எப்பவும் சிரிச்ச முகம்." தில்லியில நம்மாளுங்க ஒருத்தருக்கொருத்தர் தாராளமா கொடுத்துக்கற சர்டிபிகேட் இது. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. சிரிக்கறது யார்கிட்ட?

ஹிந்தியில எதிர்ல இருக்கறவரைச் சொல்ல மூணு வார்த்தை: ஆப், தும், தூ. அதாவது நம்ம 'நீ'க்குக் கீழ இன்னொரு படி. மேனேஜருக்கு 'ஆப்'. பாத்திரம் தேய்க்க வர்ற, நம்ம அம்மா வயசு பெண்மணிக்கு 'தும்'. கோபம் வந்தா 'தூ'. (சிநேகிதங்களுக்குள்ள பிரியமா சொல்லிக்கறது வேற கதை.)

கேட்டா, "ஹிந்தி சரியா வராதுங்க, வாய்ல வந்துடுது"ங்கறாங்க. அப்ப மேனேஜர்கிட்ட ஒரு தடவையாவது வாய்தவறி 'தும்' வந்திருக்கணுமே? வரலையே! இலக்கணம் நல்லாவே தெரியுது சாமி.

இனியவை கூறல் அதிகாரத்துல 93வது குறளை எடுத்துப் பாருங்க. மலர்ந்த முகத்தோட பார்த்து, மனசுலேர்ந்து இனிமையா பேசறதுதான் அறம்ங்கறார் வள்ளுவர். சம்பளம் எவ்வளவுன்னு விசாரிச்சுட்டுப் பேசச் சொல்லலை. 786ல, முகம் மட்டும் சிரிச்சா அது நட்பே இல்லைன்னுட்டார்.

பசங்க கவனிச்சுக்கிட்டே இருக்காங்க. எட்டு வயசுப் பிள்ளை வாட்ச்மேனை 'தூ'ன்னு கூப்பிட்டா, அது ஸ்கூல் பாடம் இல்லை. வீட்டுப் பாடம்.

காய்கறிக்காரர், வாட்ச்மேன், வேலைக்கு வர்ற அம்மா எல்லாருக்கும் 'ஆப்' சொல்ல ஒரு பைசா செலவில்லை. சொல்லுங்க. அந்த சர்டிபிகேட்டை இனிமே அவங்க கொடுக்கட்டும்.