ஒன்றரை வயசுப் பிள்ளையோட குரூஸ்: யாருடைய கணக்கில்?



கோடை நெருங்கினால் எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இந்த முறை எல்லாரும் சேர்ந்து குரூஸ் போவமா?" அரசியல் கதைக்கிற பிள்ளைகள் இதுக்குக் குடுக்கிற பதில் பெரும்பாலும் ஒரு நக்கல். இல்லாட்டி கடல் மாசு பற்றி ஒரு காணொளி. குடும்பம் அதைத் திறந்தும் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிடும். கதையும் அதோட முடிஞ்சிடும்.

அந்தக் கதையை வேறு மாதிரித் தொடங்கலாம் என்று நினைக்கிறன். குரூஸ் போக ஆசைப்படுகிற குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஆசை எங்கட ஆக்களின் வேலை நேரத்தில இருந்து வருது. நாங்கள் கேட்க வேண்டியது, அந்தப் பயணம் எப்படி அவ்வளவு மலிவாக் கிடைக்குது என்றுதான்.

என்ர அக்காவை எடுங்கோ. ஸ்காபரோவில ஒரு முதியோர் இல்லத்தில இரவு வேலை. அத்தானுக்குக் களஞ்சியசாலையில பகல் வேலை. பெறாமகனுக்கு இருபது மாசம். அம்மாவுக்கு முதுகு நோ. அம்மம்மாவுக்கு எண்பத்தொரு வயசு, முழங்கால் மடங்காது. ஒன்டாரியோ சட்டப்படி வருசத்துக்கு இரண்டு கிழமை விடுமுறைதான், ஒரே இடத்தில ஐந்து வருசம் வேலை செய்தால் மூன்று கிழமை. இந்த வருசம் வன்கூவரில இருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல் பார்க்கச் சொல்லி என்னட்டைத் தந்தவ. ஏன் குரூஸ் என்று கேட்டன். "ஒரு கிழமைக்கு 'இரவைக்கு என்ன சாப்பாடு' என்று ஒருத்தரும் என்னட்டைக் கேட்கக் கூடாது" என்றா.

இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. கொட்டேஜ் எடுத்தால் அங்கயும் அக்காதான் சமைக்க வேணும். கார் எடுத்தால் அத்தான்தான் ஓட வேணும். கப்பலில பெட்டியை ஒருக்கால் திறந்தால் போதும். பிள்ளை மத்தியானம் நித்திரை கொள்ள கபின் பக்கத்தில இருக்கு. அம்மம்மா கதிரையில இருந்தபடியே பனிமலை பார்ப்பா. நாலு தலைமுறை ஒன்றாய்ப் போக எங்களுக்கு வேறு எத்தனை வழி இருக்கு?

முதல் வேலைக்கான விசயங்கள்

நான் தேடிப் பார்த்ததில, சின்னப் பிள்ளையோட போறவை முன்கூட்டியே தெரிஞ்சிருக்க வேண்டியது சில இருக்கு.

பெரும்பாலான கம்பனிகள் ஆறு மாசத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றாது. சமுத்திரம் கடக்கிற, தொடர்ந்து பல நாள் கடலிலயே நிற்கிற பயணம் என்றால் பன்னிரண்டு மாசம். விளம்பரத்தில காட்டுகிற இலவசச் சிறுவர் கழகம் அநேகமாக மூன்று வயசுக்கு மேல், பம்பர்ஸ் விட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதுக்குக் கீழே என்றால் சில கப்பல்களில மட்டும் மணித்தியாலக் கணக்கில காசு வாங்கிப் பார்ப்பினம். ஆகவே "பிள்ளையை அவை பார்ப்பினம்" என்று நம்பி டிக்கெட் போடாதேங்கோ.

பம்பர்ஸ் கட்டின பிள்ளையைப் பொது நீச்சல் தடாகத்தில விடமாட்டினம், நீச்சல் பம்பர்ஸ் என்றாலும் சரி. அது சுகாதார விதி. சில கப்பல்களில சின்னாக்களுக்குத் தனியாகத் தண்ணி விளையாடுகிற இடம் இருக்கு, முதலே கேளுங்கோ. குழந்தைக் கட்டிலையும் முதலே சொல்லி வைக்க வேணும். அதை விரித்தால் சின்னக் கபினில காலடி வைக்க இடமிராது. மடங்குகிற ஸ்ட்ரோலர்தான் சரிவரும். பம்பர்ஸும் பால்மாவும் ஒரு கிழமைக்குக் கணக்குப் பார்த்துக் கொண்டுபோங்கோ, கப்பல் கடையில விலையும் கூட, வகையும் குறைவு. பல்கனி கபின் என்றால் கதவுப் பூட்டு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில இருக்கோ என்று பாருங்கோ. முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியிலயே குழந்தை அளவான உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கோ.

வைத்தியச் செலவு முக்கியம். நாட்டுக்கு வெளியே நடக்கிற சிகிச்சைக்கு ஒஹிப் தருவது மிகச் சொற்பம், கப்பல் டொக்டரின் பில் பெரிசு. குழந்தைக்கும் அம்மம்மாவுக்கும் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறக் கூடாது.

பிறகு டிப்ஸ். பெரிய கம்பனிகள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை தானாகவே பில்லில போடும். சிலது குழந்தைக்கும் சேர்த்துப் போடும். வரவேற்பு மேசையில சொன்னால் இதை எடுத்துவிடலாம் என்று எங்கட ஆக்களுக்குள்ள ஒரு "ரகசியம்" உலாவுது. அதைப் பற்றிக் கதைக்க வேணும் என்றால், யாருடைய சம்பளம் அது என்று முதல் பார்க்க வேணும்.

மலிவு எங்கே இருந்து வருது

அந்தக் குழந்தைக் கட்டிலை விரிக்கிறது, கொட்டின பாலைத் துடைக்கிறது, இரவு பத்து மணிக்கு அம்மம்மாவுக்குச் சுடுதண்ணி கொண்டுவாறது பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியாவில இருந்து வந்த தொழிலாளர். ஒப்பந்தம் வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாசம். எங்கட பெறாமகன் வயசில பிள்ளையை வீட்டில விட்டிட்டு வந்தவை அதில இருப்பினம். அந்தப் பிள்ளை நடை பழகுவதை அவை போனில பார்ப்பினம்.

கடற்தொழிலாளருக்கு ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கு. 2006 இல் எழுதப்பட்டு 2013 ஆகஸ்டில நடைமுறைக்கு வந்தது. அதில வேலை நேரத்துக்கு எல்லை போட இரண்டு வழி குடுத்திருக்கு. ஒன்று, கிழமைக்கு அதிகபட்சம் 72 மணி. மற்றது, கிழமைக்குக் குறைந்தது 77 மணி ஓய்வு. கொடி நாடு இரண்டாவதைத் தெரிந்தால், கிழமையில மிச்சம் இருக்கிற 91 மணியும் வேலை வாங்கச் சட்டம் விடும். அக்கா கனடாவில 40 மணி வேலை செய்து களைச்சுப்போய் இந்தக் கப்பலில ஏறுறா.

ஏன் இப்படி நடக்கலாம்? கார்னிவல் கோர்ப்பரேசன் 2025 இல் பதிவாகி இருந்தது பனாமாவில. ரோயல் கரீபியன் லைபீரியாவில. நோர்வீஜியன் குரூஸ் லைன் ஹோல்டிங்ஸ் பெர்முடாவில. மூன்றினதும் தலைமைச் செயலகம் மயாமிப் பக்கம், பயணிகளில பெரும்பங்கு வட அமெரிக்கர். கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மோல்டா கொடிகளோட ஓடுது. வெளிநாட்டில பதிந்த கப்பல் கம்பனிகளுக்குக் கிடைக்கிற விலக்கால் வருமானத்தின் பெரும் பகுதிக்கு அமெரிக்க வருமான வரியும் இல்லை. அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டம் அந்நியக் கொடிக் கப்பலின் வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பொருந்தாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1963 இலேயே சொல்லிவிட்டுது. டிக்கெட் மலிவு இந்த ஏற்பாட்டில இருந்து வருது.

கொடியும் கடவுச்சீட்டும்

கப்பல் தனக்கு வசதியான நாட்டைத் தெரிஞ்செடுக்கலாம். அதில ஏறுகிற ஆளுக்கு அந்தச் சலுகை இல்லை. அத்தானின் அம்மா வவுனியாவில இருந்து சூப்பர் வீசாவில வந்து நிற்கிறா. கப்பல் கனடாவில ஏறி கனடாவில இறங்கினாலும் இடையில அலாஸ்கா, அது அமெரிக்கா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க வீசா வேணும். அகதிப் பயண ஆவணத்தில இருக்கிறவைக்கும் இதே பிரச்சினை. திட்டம் போடுகிறவை காசு கட்ட முன்னம் ஒவ்வொருவரின் ஆவணத்தையும் பாருங்கோ. நாலு தலைமுறைப் படத்தில ஒரு ஆள் குறையிறது இப்படித்தான்.

இதே கடலில எங்கட இன்னொரு பயணமும் இருக்கு. சியாட்டிலில இருந்து அலாஸ்கா போற கப்பல்கள் 1886 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றுக்காக ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட வேணும். அதுக்காகப் பெரும்பாலும் விக்டோரியாவில சில மணித்தியாலம் நிற்கும். அந்தத் துறையில இருந்து சில கிலோமீட்டரில எஸ்கைமோல்ட் கடற்படைத் தளம். 2010 ஆகஸ்ட் 13 அன்று சன் சீ கப்பலை அங்கதான் கொண்டுவந்தவை. மூன்று மாதமளவு கடலில கிடந்து வந்த 492 தமிழர். அதில 49 பேர் சிறுவர். அவைக்குக் கிடைச்ச முதல் தரை தடுப்புக் காவல். தாய்மாரையும் பிள்ளைகளையும் பேர்னபியில இளையோர் சிறைச்சாலை ஒன்றில வைச்சிருந்தவை. 2012 இல், இப்படி வருகிறவர்களில 16 வயசுக்கு மேற்பட்டவரைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கச் சட்டமும் வந்தது.

கரை இருந்தும் இறங்க விடாமல் வைக்கிறது என்ன என்று எங்கட சனத்துக்குத் தெரியும். 2020 இல் கொரோனா வந்தபோது பயணிகளை வீட்டுக்கு அனுப்பின பிறகும் ஆயிரக்கணக்கான குரூஸ் தொழிலாளர் மாசக் கணக்கில கப்பலிலயே கிடந்தவை. துறைமுகங்கள் மறுத்தன. இந்தத் தொழிலாளருக்கு நாங்கள் அந்நியர் இல்லை என்று நான் சொல்கிறதுக்கு இதுதான் காரணம்.

"அப்ப போகாமல் விடலாமே?"

விடலாம். கடல் மாசும் உண்மையான பிரச்சினை. ஆனால் இதுவரை மாற்றம் எப்படி வந்தது என்று பாருங்கோ. 2016 இல் பிரின்சஸ் குரூஸ் கம்பனி கடலில எண்ணெய்க் கழிவு கொட்டினதையும் மறைச்சதையும் ஒப்புக்கொண்டு 4 கோடி டொலர் தண்டம் கட்டச் சம்மதிச்சது. அதை வெளியில கொண்டுவந்தவர் கப்பலில புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியியலாளர். 2013 இல் அதிகாரிகளிட்டச் சொல்லிவிட்டு, கப்பல் இங்கிலாந்தில நின்றபோது வேலையை விட்டு இறங்கினவர். பயமில்லாமல் வாய் திறக்கக் கூடிய தொழிலாளிதான் கடலுக்கும் காவல்.

அலாஸ்காவின் ஜூனோ நகரில 32,000 பேரளவில இருக்கினம். ஊர்ச் சனம் வருசக் கணக்காகச் சண்டை பிடிச்சதில, 2024 இல் இருந்து நாளுக்கு ஐந்து பெரிய கப்பல், 2026 இல் இருந்து நாளுக்கு 16,000 பயணிகள், சனிக்கிழமையில 12,000 என்று நகர நிர்வாகம் கம்பனிகளோட உடன்பாட்டுக்கு வந்தது. சனிக்கிழமையில பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 ஒக்டோபர் வாக்கெடுப்பில தோற்றது. அந்த ஊரில பலருக்கு அதுதான் பிழைப்பு. இந்தப் பேரம் எல்லாம் கூட்டாக நடந்தது. என்ர அக்கா மட்டும் குற்ற உணர்ச்சியில வீட்டில இருந்தால் ஒரு கப்பலும் நிற்காது, ஒரு தொழிலாளிக்கும் சம்பளம் கூடாது.

நாங்கள் செய்யக் கூடியது

முதலாவது, டிப்ஸை எடுக்கச் சொல்லாதேங்கோ. சம்பளம் ஒப்பந்தத்திலயே ஒழுங்காக வர வேணும், அதுதான் எங்கட நிலைப்பாடு. அது வரும் வரைக்கும் பில்லில இருந்து டிப்ஸை எடுத்தால் அடி விழுகிறது தொழிலாளிக்கு. கபின் பார்க்கிறவருக்குக் கையிலயும் குடுங்கோ.

இரண்டாவது, காசு கட்ட முன்னம் கம்பனிக்கு எழுத்தில கேளுங்கோ: கப்பலின் கொடி எது, சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐ.டி.எப். உடன் ஒப்பந்தம் இருக்கா. நூறு தமிழ்க் குடும்பம் இதே கேள்வியைக் கேட்டால், எங்கட ஊர் பயண முகவருக்கும் பதில் தேடிப்பிடிக்க வேண்டி வரும்.

மூன்றாவது, வன்கூவர் தோழர்களுக்கு: 2023 இல் மட்டும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் உங்கட துறைமுகத்தால் போயிருக்கினம். கப்பல் தொழிலாளர் இறங்கி வாற நேரத்தில அவையைச் சந்திக்கிற கடற்தொழிலாளர் நிலையங்களோடயும் ஐ.டி.எப். ஆக்களோடயும் தொடர்பு எடுங்கோ. தமிழ்நாட்டில இருந்தும் இலங்கையில இருந்தும் வந்த தொழிலாளர் இருந்தால், எங்கட மொழி அவைக்கு உதவும்.

நாலாவது, இங்க வீட்டுப் பக்கத்துச் சண்டை. ஒன்டாரியோவில அரசு உதவி பெறுகிற டேகெயார்களில 2025 இல் இருந்து கட்டணம் நாளுக்கு 22 டொலருக்கு மேல் போகாது. அது போராடிக் கிடைச்சது, நல்லது. ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேணும், பெரும்பாலானவை பகலில மட்டும்தான் திறக்கும். இரவு வேலை செய்கிற தாய்க்கு அந்த 22 டொலர் எந்த வகையில உதவும்? இரவிலயும் இயங்குகிற பொதுப் பிள்ளைப் பராமரிப்பு, எல்லாருக்கும் நாலு கிழமைச் சம்பள விடுமுறை: இந்த இரண்டு கோரிக்கையையும் எங்கட அடுத்த பிரசுரத்தில சேர்க்க வேணும் என்று முன்மொழிகிறன்.

கடைசியாக, இந்த மாசத்தில இருந்தே தொடங்கக் கூடிய ஒன்று. எங்கட கூட்டங்களுக்கு வாற தாய்மாரை விரல் விட்டு எண்ணலாம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பேர் முறை வைச்சுப் பிள்ளைகளைப் பார்ப்பம், ஒரு ஆள் சோறு சமைப்பம். முதல் முறைக்கு நான் என்ர பேரைக் குடுத்திருக்கிறன். இன்னொரு ஆள் வேணும். இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ.