தன் விடையைத் தானே எழுதும் உரிமை

பரீட்சை மண்டபத்தின் ஓரத்து அறையொன்றில் நடக்கும் காட்சியை நமது வாசகர்களில் பலர் கண்டிருப்பார்கள். கை வழங்காத மாணவனோ, கண்பார்வையில்லாத மாணவியோ விடையை வாயால் சொல்ல, அருகில் அமர்ந்த வேறொருவர் அதைக் காகிதத்தில் எழுதுகிறார். 'சொல்வதை எழுதுபவர்' என்று கல்வி இலாகா அவருக்குப் பெயரிட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டை நாம் இகழ வரவில்லை. இதன் துணையால் பட்டம் பெற்று, உத்தியோகத்திலும் பொதுவாழ்விலும் விளங்குவோர் நம்மிடையே உண்டு. இன்னும் பலருக்கு இது இன்றியமையாதது. ஆனால், கணினி யந்திரத்தின் துணைகொண்டு தானாகவே எழுதப் பழகிய மாணவனையும், 'யந்திரத்தை வெளியே வைத்துவிட்டு ஆளைக் கூட்டிவா' என்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? இதுவே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

பிறர் எழுத, ஒருவர் கைநாட்டு மட்டும் வைத்த பத்திரத்தை நீதிஸ்தலங்கள் எவ்வளவு ஜாக்கிரதையுடன் பரிசீலிக்கின்றன என்பதை வக்கீல்கள் அறிவார்கள். வாசித்துக் காட்டினார்களா, பொருள் விளங்கிற்றா, சொன்னதைத்தான் எழுதினார்களா என்று கேள்விமேல் கேள்வி பிறக்கும். ஒரு வீட்டை விற்பதற்கு இத்தனை விசாரணையென்றால், ஒரு மாணவனின் ஆயுளையே நிர்ணயிக்கும் விடைத்தாளுக்கு எவ்வளவு வேண்டும்? எழுதுபவர் கல்வி மிகுந்தவராயிருந்தால் விடையையும் அவரே சொல்லிவிடுவார் என்ற அச்சம் ஒரு பக்கம். அதனால் மத்திய சர்க்கார் 2018-ல் வெளியிட்ட விதிகள், மாணவன் தானே அழைத்துவரும் எழுத்தர் அவனுக்கு ஒரு படி குறைந்த படிப்புடையவராக இருக்கவேண்டும் என்றன. பலன் யாது? ரசாயனச் சூத்திரங்களை அவற்றைக் கண்டறியாத ஒருவருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டியதாயிற்று. பிழை செய்பவர் ஒருவர். மதிப்பெண் இழப்பவர் மற்றொருவர். எழுதியதை அடித்துத் திருத்தவும், முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும் அயலார் தயவை நாடவேண்டும்.

இந்தத் தயவை வேண்டாதபடி செய்ய யந்திரத்தால் இயலும். இது புதிய எண்ணமன்று. இத்தாலியில் டூரி என்பவர், பார்வையிழந்த ஒரு சீமாட்டி தம் கைப்படக் கடிதம் எழுதும்பொருட்டு ஒரு யந்திரம் செய்தார். யந்திரம் மறைந்துபோயிற்று, 1808-ல் அதில் எழுதிய கடிதம் நிலைத்து நிற்கிறது. நமது கச்சேரிகளில் குமாஸ்தாக்கள் தட்டிய டைப்ரைட்டரின் மூதாதைகளில் அதுவும் ஒன்று.

இன்றைய கணினி அதனினும் பன்மடங்கு உபகாரம் செய்கிறது. ஒரே விரலால் தட்டுபவர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும் வசதி 1995-ல் வந்த விண்டோஸிலேயே இருந்தது. நடுங்கும் கை ஒரு விசையை இருமுறை தட்டிவிட்டால், அதை ஒன்றாகவே கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. கையே அசையாதவர் தலையசைவாலும் கண்ணசைவாலும் குரலாலும் எழுதலாம். பேராசிரியர் ஸ்டீபன் ஹாக்கிங், தம் கன்னத்துத் தசையொன்றின் அசைவைக்கொண்டே நூல்களும் சொற்பொழிவுகளும் இயற்றினார். அவருக்காக அமைத்த மென்பொருளை இன்டெல் கம்பெனியார் 2015-ல் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு வியாபாரிகள் பெருந்தொகை கேட்ட காலத்தில், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அவரைப்போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். என்.வி.டி.ஏ. என்ற அம்மென்பொருள் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது.

சட்டம் குறுக்கே நிற்கிறதா? இல்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள மாணவருக்குப் பதினெட்டு வயதுவரை பாடநூல்களையும் துணைக்கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. பரீட்சை முறையைத் தக்கபடி மாற்றவும் சொல்கிறது. 2018-ம் வருஷத்து விதிகள், பிரெயிலிலோ கணினியிலோ எழுதும் வழியைக் கூடியவரை தேர்வரே தெரிந்தெடுக்க இடமளித்தன. யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நாற்பது சதவீதம் என்ற அளவுகோலைக் காட்டி எழுத்தரை மறுக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரி 11-ந் தேதி தீர்ப்பளித்தது. அவரவர் நிலைக்கேற்ற ஏற்பாடு செய்வது தர்மமன்று, கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கணினியை அனுமதித்தால் மோசடி நடக்கும் என்பது முதல் ஆட்சேபம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018 பரீட்சைகளிலேயே, இணையத் தொடர்பற்ற கணினியைப் பரிசோதித்து அனுமதிக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. வாய் பேசாத யந்திரத்தைச் சோதிப்பது, வாயுள்ள மனிதரைக் காவல் காப்பதைவிட எளிதல்லவா? பிற மாணவருக்கு இது அநீதி என்பது இரண்டாவது ஆட்சேபம். மூக்குக்கண்ணாடி அணிந்து எழுதுபவனைப் பார்த்து எவரும் அப்படிச் சொல்வதில்லை. செலவு என்பது மூன்றாவது. மென்பொருள் இலவசம், பள்ளியில் கணினி இருக்கிறது, இல்லாதது மனமே.

இனி, நம் வீட்டுக் குறையையும் சொல்லவேண்டும். தமிழ்ப் புத்தகங்களில் பல, பக்கத்தைப் படம் பிடித்தபடியே கணினியில் ஏறுகின்றன. மனிதக் கண்ணுக்கு அது எழுத்து. வாசிக்கும் யந்திரத்துக்கோ வெறும் சித்திரம். பழைய எழுத்துருக்களில் அச்சிட்டவற்றை அது அர்த்தமற்ற ரோமன் எழுத்துக்களாக உளறுகிறது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டு சர்க்கார் அதை 2010-ல் ஏற்றது. பதிப்புரிமைச் சட்டமும் 2012-ல் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகள் வாசிக்கத்தக்க பிரதிகள் செய்ய வழிவிட்டது. அதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகில் முதலாவதாக உறுதிசெய்த தேசம் இந்தியாவே. முதலில் உறுதிசெய்த கீர்த்தி நமக்கு இருக்க, நம் பிள்ளைகள் வாசிக்கும் புத்தகம் கடைசியில் வருவது பெருமையாகுமா?

நாம் கேட்பது மூன்று. தானே எழுத இயலும் மாணவனுக்கு எல்லாப் பொதுப்பரீட்சைகளிலும் கணினியைக் கேட்டவுடன் தரவேண்டும். எழுத்தர் வேண்டுமென்பவருக்கு அவரை மறுக்கலாகாது. பாடநூல்களையும் வினாத்தாள்களையும் யந்திரம் வாசிக்கும் யூனிகோடு எழுத்திலேயே வெளியிடவேண்டும். கருவியைக் கடைசி வருஷத்தில் கையில் திணிக்காமல், ஆறாம் வகுப்பிலேயே கொடுத்து, பழக்குவிக்கும் உபாத்தியாயரையும் நியமிக்கவேண்டும்; பழகாத யந்திரம் பாரமேயன்றி உதவியன்று.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பொது ஊழியர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, இத்தகைய மாணவர் எத்தனை பேர், அவர்களுக்கு வந்த கருவி எங்கே என்று கேட்கட்டும். அது பீரோவில் பூட்டிக்கிடந்தால் திறக்கச் சொல்லட்டும். அனுமதி மறுக்கப்பட்டால், வக்கீல் நண்பர்கள் கூலி கருதாமல் மனு எழுதிக்கொடுக்கட்டும். தன் அறிவைத் தன் எழுத்தாலேயே காட்ட விரும்பும் பிள்ளை நம்மிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை, வழிவிடும்படி கேட்கிறான். வழிவிடுவோமாக.