கரண்டிக்கு சாட்சி யாரு?

நோபல் பரிசு வாங்கியிருக்கீங்களா பாஸ்? சரி, ஆஸ்கர்? ஒலிம்பிக் மெடல்? ஒண்ணுமே இல்லையா... அப்போ பத்துல மூணு காட்டுங்க!

காமெடி இல்லீங்க. அமெரிக்காவின் ஈபி-1ஏ கிரீன் கார்டுக்கு மனு போடுகிறவரிடம் அந்த ஊர் குடியேற்றத் துறை கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான். 1990-ம் வருடச் சட்டத்தில் வந்த இந்தப் பிரிவுக்குப் பேரே 'எக்ஸ்ட்ராடினரி எபிலிட்டி', அதாவது அசாதாரணத் திறமை. விஞ்ஞானி, பாடகர், விளையாட்டு வீரர் எல்லாம் நிற்கிற அதே க்யூவில் சமையல்காரரும் நிற்கலாம். வேலை கொடுக்கிற முதலாளிகூட வேண்டாம். ஐ-140 ஃபாரத்தில் தனக்குத்தானே மனு போட்டுக்கலாம். கேட்டரிங் படிக்கிற மக்கள் காதைத் தீட்டுவது தெரிகிறது. இந்த வாரம் உங்களுக்குத்தான்.

மேட்டர் என்னன்னா, மனுவைப் படிக்கிற ஆபீஸர் நீங்க சமைச்சதை ஒரு வாய்கூட சாப்பிடப் போறதில்லை. அவர் மேஜைக்குப் போவது ஒரு கட்டு பேப்பர் மட்டும்தான். உங்க குழம்பு அமிர்தமாவே இருக்கட்டும், அதை எழுதி வெச்சது யாரு? விஞ்ஞானிக்கு வேலையே பேப்பர்தான். கட்டுரை, அதை எத்தனை பேர் எடுத்துக்காட்டினாங்க என்ற கணக்கு எல்லாம் தானா சேர்ந்துடும். சமையல்காரனுக்கு? பதினஞ்சு வருஷ உழைப்பு தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு எச்சில் தட்டோட சேர்த்துக் கழுவப்பட்டுப் போயிடுது.

நோபல் மாதிரி ஒரே ஒரு பெரிய பரிசு இல்லாதவர்களுக்குப் பத்து வகை ஆதாரம் சொல்லியிருக்கிறார்கள். அதில் மூணாவது தேறணும். முதல் வகை, தேசிய அல்லது சர்வதேச அளவில் மதிக்கப்படுகிற பரிசு. இங்கேதான் ஒரு ட்விஸ்ட். மிஷலின் ஸ்டார் என்றதும் நாம செஃபைத்தான் நினைக்கிறோம். ஆனா ஸ்டார் கொடுக்கப்படுவது ரெஸ்டாரன்ட்டுக்கு, ஆளுக்கு இல்லை! நத்தம் பக்கத்திலிருந்து போன விஜய் குமார் செஃபாக இருக்கும் நியூயார்க் 'செம்ம' ரெஸ்டாரன்ட்டுக்கு 2022-ல் ஸ்டார் கிடைத்தது. அது கடை பேரில். 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்ததே, அது அவர் பேரில். (நம்ம ஊர் நத்தைப் பிரட்டல் அந்த மெனுவில் இருக்கு. அதுக்குத் தனியா ஒரு விசில்!) சாப்பிடுகிறவனுக்கு இரண்டும் ஒண்ணுதான். மனு எழுதுகிறவனுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்போ ஸ்டார் வாங்கின கிச்சனில் வேலை பார்த்தது வேஸ்ட்டா? இல்லை. 'புகழ்பெற்ற நிறுவனத்தில் தலைமையான அல்லது முக்கியமான பங்கு' என்று இன்னொரு வகை இருக்கு. கடை புகழ்பெற்றதுன்னு ஸ்டார் சொல்லும். மெனுவை உருவாக்கினது நீங்கதான், கிச்சனை ஓட்டினது நீங்கதான்னு முதலாளி விவரமா எழுதித் தரணும். பக்கத்தில் நின்னு வெங்காயம் நறுக்கினவரும் ஸ்டார் கிச்சன்காரர்தான், ஆனா இந்த வகையில் தேற மாட்டார்.

பத்திரிகைக் கட்டுரையும் அப்படித்தான். கட்டுரை உங்களைப் பற்றி இருக்கணும். தலைப்பு, தேதி, எழுதினவர் பெயர் மூணும் வேணும். 'இங்கே மட்டன் சூப்பர்' என்று ஹோட்டலைப் புகழ்ந்துவிட்டு உங்க பேரை விட்டுட்டாங்கன்னா, லாபம் ஓனருக்கு. சமையல் போட்டிக்கு நடுவராகப் போவது ஒரு வகை. அழைப்பிதழ் மட்டும் போதாது, நிஜமாகவே மார்க் போட்டதுக்கு அத்தாட்சி வேணும். சம்பளம் இன்னொரு வகை. அதே தொழிலில் மற்றவங்க வாங்குறதைவிட உங்களுது நிஜமாவே உசரமா இருக்கணும். பாக்ஸ் ஆபீஸ் வசூல்கூட ஒரு வகைதான், ஆனா அது நாடகம், இசை மாதிரி மேடைக்காரங்களுக்கு. நம்ம தொழிலுக்குப் பொருந்தாத வகைக்கு பதிலா, அதுக்கு இணையான வேறு ஆதாரம் காட்டவும் விதியில் இடம் இருக்கு. அதை வாதாடி ஜெயிக்க நல்ல வக்கீல் வேணும்.

மூணு டிக் விழுந்தா பாஸான்னு கேக்காதீங்க. 2010-ல் கசாரியன் என்ற இயற்பியல்காரரின் வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. அதுக்கப்புறம் ஆபீஸர்கள் இரண்டு ரவுண்டாகப் பார்க்கிறார்கள். முதல் ரவுண்டில் டிக். அடுத்த ரவுண்டில் மொத்தக் கட்டையும் எடைபோட்டு, 'இவர் தன் துறையின் உச்சியில் இருக்கிற அந்தச் சிலரில் ஒருத்தரா?' என்று கேட்பார்கள். 'நல்ல பையன், கடின உழைப்பாளி' என்று எழுதின சிபாரிசுக் கடிதம் இங்கே செல்லாக்காசு. நீங்க கண்டுபிடிச்ச முறையை வேற எந்தக் கிச்சன் எடுத்துக்கிச்சு, அதனால என்ன மாறிச்சுன்னு சொல்ற கடிதம்தான் பேசும்.

கொஞ்சம் சுலபமான வாசல் ஓ-1 விசா. அதன் விதியில் 'கலை' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது ஓவியம், மேடைக்கலையோடு சமையல் கலையையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்! அளவுகோலும் ஈபி-1ஏ அளவுக்கு உசரம் இல்லை. ஆனா இது தற்காலிகம், முதலில் அதிகபட்சம் மூணு வருஷம். மனுவை முதலாளியோ ஏஜென்ட்டோதான் போடணும்.

சர்ட்டிபிகேட்டே இல்லாத கைப்பக்குவத்துக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி வேறொரு விசாவில் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. ஃபோகோ டி சாவ் என்ற பிரேசில் ஸ்டேக் ஹவுஸ், தன் அமெரிக்கக் கிளைக்கு தெற்கு பிரேசிலின் கௌச்சோ சமையல்காரரை எல்-1பி விசாவில் கொண்டுவரக் கேட்டது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து கத்துக்கிட்டது எல்லாம் 'சிறப்பு அறிவு' கணக்கில் வராதுன்னு அதிகாரிகள் கையை விரிச்சுட்டாங்க. 2014-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட், 'அப்படி ஒரேயடியா ஒதுக்க முடியாது, திரும்பப் பாருங்க' என்று சொன்னது. மூணு நீதிபதிகளில் ஒருத்தர் ஒத்துக்கலை. பிரேசில் ஸ்டேக் சுட அமெரிக்கச் சமையல்காரனும் கத்துக்கலாமேன்னு எழுதினார். அவர் பிரெட் கவனா, 2018 முதல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி. நம்ம பரோட்டா மாஸ்டர் வீசுற வீச்சை அவர் பார்த்ததில்லை போல.

இதையெல்லாம் படிச்சுட்டு, 'காசு கட்டினா விருது, காசு கட்டினா நடுவர் சீட்' என்று வருகிற ஏஜென்ட்டிடம் போயிடாதீங்க. கூகுளில் தேடினால் விருது கொடுத்தவன் யார் என்பது ஆபீஸருக்கும் தெரியும். தெரிஞ்சே பொய் ஆதாரம் கொடுத்து மாட்டினா, மனு தள்ளுபடியோட முடியாது. அமெரிக்காவுக்குள் நுழையவே ஆயுசுக்கும் தடை வரலாம். அப்பா நிலத்தை வித்துக் கொடுத்த பணமும் அதோட போச்சு.

டிரெய்னிங்கில் இருக்கிறவங்க இன்னிக்கே ஒரு ஃபைல் வாங்குங்க. நீங்க போட்ட மெனு கார்டு, போட்டி நோட்டீஸ், பே ஸ்லிப், பேர் வந்த பேப்பர் கட்டிங் எல்லாம் தேதியோட உள்ளே போகட்டும். ஹோட்டல் மாறும்போது பழைய செஃபிடம் என்ன வேலை பார்த்தீங்கன்னு எழுதி வாங்கிடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் போய்க் கேட்டா அவர் துபாயில் இருப்பார், ஹோட்டல் கைமாறியிருக்கும்.

இன்னொண்ணு. மனு ஓகே ஆனதும் கார்டு கைக்கு வந்துடாது. 2023 ஏப்ரலில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவிலும் கட்-ஆஃப் தேதி வைத்தார்கள். மாசாமாசம் வருகிற விசா புல்லட்டினில் உங்க தேதி எங்கே நிக்குதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.