சாவி தானா தொலையுமா?

மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில், சிக்னல் வீக் ஆனால் டேட்டாவை லூஸ் பண்ணுவோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தேன். கைடு மேம் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஒரு ஓ போதும்' என்று எழுதித் தந்தார். ஒரு 'ஓ' போட்டால் இழப்பது. ரெண்டு 'ஓ' போட்டால் தளர்வாக இருப்பது. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், இன்னும் அந்த இடத்தில் தடுக்கி விழுகிறேன். தமிழில் எழுதினால் ரெண்டும் 'லூஸ்' தான், யாரும் வட்டம் போட முடியாது.

மானம் போன கடுப்பில் அன்னைக்கு நைட்டு ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்தச் சொல்லோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன். பழைய ஆங்கிலத்தில் அது 'லோசியன்'. அர்த்தம்: அழிஞ்சு போறது, காணாமப் போறது. அதுக்கும் முன்னாடி போனால், அவிழ்ப்பது, பிரிப்பது என்ற பொருளில் ஒரு மூலவேர் இருந்திருக்கணும் என்கிறார்கள் மொழியியல்காரர்கள். ரெண்டு 'ஓ' போட்ட லூஸும் அதே வேரில் வந்ததுதான். நாம ஃப்ரெண்டைத் திட்டுற 'லூசு' அதோட பேரப்பிள்ளை. கிரேக்கத்தில் அதே வேர் 'லூசிஸ்' ஆகி, அனாலிசிஸ், எலக்ட்ரோலிசிஸ் எல்லாம் பெத்துப்போட்டது. லத்தீன் வழியா வந்த பிள்ளை யார் தெரியுமா? சால்வ்! செமஸ்டர் முழுக்க நாம சால்வ் பண்றதும் லூஸ் பண்றதும் ஒரே குடும்பம். அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது ஒண்ணும் புது விஷயமா இருக்காது.

ஆனால் என்னை நிறுத்தினது வேற ஒண்ணு. அந்த 'லோசியன்' வினைக்கு, தொலைக்கிற ஆள் எழுவாயாக வேண்டியதில்லை. தொலைகிற பொருள்தான் எழுவாய். ஆள் வந்தாலும் 'அவனுக்கு' என்று நம்ம நான்காம் வேற்றுமை மாதிரி ஓரமாகத்தான் வந்து நிற்பார். 'அவனுக்கு அது தொலைந்தது', அவ்வளவுதான். 'நான் அதைத் தொலைத்தேன்' என்கிற வேலையைப் பார்க்க 'லேயோசன்' என்று ஒரு சொந்தக்கார வினை தனியாக இருந்தது. காலப்போக்கில் ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடுச்சு. இன்னைக்கு இங்கிலீஷில் சாவியா, மேட்சா, வேலையா, தாத்தாவா, உடம்பு எடையா, எதுவானாலும் 'ஐ லாஸ்ட்' தான். எல்லாத்துக்கும் 'நான்' முன்னாடி வந்து நின்னாகணும்.

தமிழில் அந்த ரெண்டு வழியும் இன்னும் தனித்தனியா உயிரோட இருக்கு. இது எனக்குப் புத்தகத்தில் தெரிஞ்சதில்லை, அப்பாகிட்ட தெரிஞ்சது. போன வருஷம் காந்திபுரத்தில் ஸ்கூட்டி சாவியைக் காணோம். போன் பண்ணி, "அப்பா, சாவி தொலஞ்சு போச்சுங்ப்பா"ன்னேன். அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. "ஏங்கண்ணு, சாவிக்கென்ன காலா மொளச்சிருக்குது, அதுவாத் தொலஞ்சு போறதுக்கு? தொலச்சுப்போட்டன்னு சொல்லு."

தன்வினை, பிறவினை என்று ஸ்கூலில் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது அன்னைக்குத்தான் புரிஞ்சது. தொலைந்தது, தொலைத்தேன். நடுவில் ஒரு 'த்' தான் வித்தியாசம். அந்த 'த்'தில்தான் பழி யார் மேல என்பது இருக்கு.

மத்த இழப்புக்கெல்லாம் நம்மகிட்ட தனித்தனிச் சொல் இருக்கு. மேட்சில் தோற்கிறோம். வேலை போகுது. பிசினஸில் பணத்தை விடுறோம். பாக்கெட் லாஸை மட்டும் பாக்கெட் லாஸ் என்றே சொல்லிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. 'இழ' என்ற வினையில் வந்த 'இழவு' மட்டும் பாவம். இழப்பு என்பதுதான் அதன் நேரடிப் பொருள். அதை நாம சாவு வீட்டுக்குக் கொடுத்து, அப்புறம் வைஃபை கட் ஆனாக்கூட 'என்ன எழவுடா இது'ன்னு சொல்ற அளவுக்குக் கொண்டு வந்து விட்டுட்டோம். கொங்கு வழக்கில் எனக்கு ரொம்பப் பிடிச்சது 'போச்சாது'. பரவாயில்ல, விடு என்று அர்த்தம். அதுக்குள்ள ஒரு 'போச்சு' உட்கார்ந்திருக்குன்னுதான் எனக்குத் தோணும். போனதைச் சொல்லும்போதே ஆறுதலும் சொல்லிடுற சொல்.

இவ்வளவு வசதி இருக்கிறதில் ஒரு ஆபத்தும் இருக்கு. தானா நடந்த மாதிரி சொல்லித் தப்பிக்கிறது தமிழில் ரொம்ப ஈசி. நொய்யலையே எடுத்துக்குவோம். வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊர்கிட்டயே காவிரியில் சேர்கிற ஆறு. அதைப் பத்தி நாம எப்படிப் பேசுறோம்? ஆறு செத்துப் போச்சு. வாய்க்கால் காணாமப் போச்சு. தண்ணி கெட்டுப் போச்சு. ஒரு வாக்கியத்தில்கூட ஆள் கிடையாது. யாரோ மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் அதுவாப் போயிருக்கு.

என் அப்புச்சிக்கு ஊர் சென்னிமலைப் பக்கம். 1992ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினப்போ, இனி தண்ணிக்குப் பஞ்சமில்லைன்னு நம்பினவங்களில் அவரும் ஒருத்தர். அணையில் வந்து நின்னது திருப்பூர் சாயக்கழிவு. பாசனத்துக்குக் கட்டின அணையைத் திறந்தால் பயிர் கெட்டுப் போகும்னு விவசாயிகளே பயப்படுற நிலைமை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுக்கப்புறம், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கணும் என்ற கட்டுப்பாட்டோட திறந்தாங்க. ஒரு தடவை அவர்கூட பஸ்ஸில் போறப்ப, "ஆறு போச்சில்லீங் அப்புச்சி"ன்னு பேச்சுக்குச் சொன்னேன். "ஆறு எங்கயும் போவுல கண்ணு. நாமதான் தொலச்சுப்போட்டோம்"னார். 'நாம'ன்னு சொன்னார். சாயப்பட்டறைக்காரங்கன்னு சொல்லலை. அவரோட ரெண்டு பசங்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில்தான் வேலை.

அதனால என் கருத்து இதுதான்: ஆறு, குளம், மரம் விஷயத்தில் நாம அந்த 'த்'தைச் சேர்த்தே பேசணும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலிருந்து காலேஜ் கல்ச்சுரல்ஸில் போடுற சுற்றுச்சூழல் ஸ்கிட் வரைக்கும். தன்வினைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறது நமக்கு நல்லா வருது. 'எரர் நேர்ந்தது', 'சாம்பிள் உடைந்தது'ன்னு நாலு வருஷமா லேப் ரெக்கார்டு எழுதிப் பழகின கை.

ஆனா சாவு விஷயத்தில் மட்டும் எனக்கு அந்த 'த்' வேண்டாம்னு இருந்தது. அப்புச்சி போன ஆடியில் இறந்தார். க்ளாஸ் குரூப்பில் 'லாஸ்ட் மை கிராண்ட்ஃபாதர்'னு போட்டேன். வரிசையா 'சாரி ஃபார் யுவர் லாஸ்' வந்தது. யாரையும் குறை சொல்லலை, நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். ஆனால் அந்த வரியைத் தமிழில் நினைச்சுப் பார்த்தா, அவரை எங்கேயோ பஸ்ஸில் மறந்து விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. வீட்டில் அம்மா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "அப்பா தவறிட்டாருங்"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. திரும்பத் திரும்ப அதே வார்த்தை. கால் தவறுற மாதிரி, கையிலிருந்து ஒண்ணு நழுவுற மாதிரி. யாரும் எதுவும் செய்யலை, தவறிட்டார். புறநானூற்றில் பாரி மகளிர் பாடின 112ஆம் பாட்டை அப்போ நினைச்சுக்கிட்டேன். அவங்களும் 'இழந்தோம்'னு எங்கேயும் சொல்லலை. போன மாச நிலாவில் அப்பா இருந்தார், இந்த மாச நிலாவில் இல்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான்.

என் போன் செட்டிங் தமிழில் இருக்கு, சும்மா கெத்துக்கு மாத்தினது. அப்புச்சி தவறினதுக்கு முந்தின நாள் நைட்டு எட்டே முக்காலுக்கு அவர்கிட்டயிருந்து ஒரு கால் வந்தது. பிளேஸ்மென்ட் டெஸ்டுக்குப் படிச்சுட்டிருந்தேன். ஸ்கிரீனில் பேர் பார்த்தேன். காலையில கூப்பிட்டுக்கலாம்னு போனைக் கவுத்து வெச்சேன். அது இன்னும் லிஸ்டில் இருக்கு, சிவப்பு அம்புக்குறியோட. 'தவறிய அழைப்பு'ன்னு போட்டிருக்கு.

அது தவறலை. நான் தவற விட்டேன்.