எடைக்குப் போகும் வகுப்பறை

கோடை விடுமுறையில் வேடசந்தூர் பழைய பேப்பர் கடைகளில் நோட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இந்த முறை அந்தக் குவியலில் ஒரு பி.எட். மாணவியின் உளவியல் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரத்தின் மேல் கோடு இழுக்கும் சோதனை, அதற்கொரு வரைபடம். ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மை: ‘பிழை ஏன் குறைந்தது? உன் சொல்லில் எழுது.’

எனக்கு அந்தச் சிவப்பு மைதான் முக்கியம். பாடநூல் எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆசிரியர் எந்த இடத்தில் மாணவியை நிறுத்திக் கேட்டார் என்பது அந்த ஒரு நோட்டில்தான் இருக்கிறது.

உளவியல் நம் நாட்டுக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் துறையைத் தொடங்கினார். லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மேனிடம் பயின்ற எம். வி. கோபாலசுவாமி 1924இல் மைசூரில் தொடங்கினார். சென்னையில் 1943இல், ஜி. டி. போவாஸ் தலைமையில். கோபாலசுவாமியை இன்று வேறொன்றுக்காகத்தான் நினைக்கிறோம். 1935இல் மைசூரில் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் நடத்தியவர் அவர். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கே ஒலித்தது. எனக்கோ அவருடைய வகுப்புக் குறிப்புகளைப் பார்க்கத்தான் ஆசை. ஸ்பியர்மேனின் கணக்குகளை மைசூர்ப் பையன்களுக்கு முதல் நாள் எப்படிச் சொல்லியிருப்பார்?

இப்படிப்பட்ட தாள்களில் என்ன இருக்கும் என்பதற்கு நாணயக் கேள்வி போதும். பாரிஸ் குழந்தைகளுக்காக 1905இல் பினே உருவாக்கிய அறிவுச் சோதனையின் அடுத்த பதிப்பில், நாணயங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை அப்படியே இங்கே கேட்க முடியுமா? அன்றைய நம் குழந்தைக்குத் தெரிந்தது காலணா, அரையணா. 1957இல் நயாபைசா வந்ததும் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கையில் காசே கொடுக்காத வீட்டுப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அது அறிவுக் குறையா, வறுமையா? வி. வி. காமத் இந்தச் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் திருத்தி 1940இல் நூலாகவே வெளியிட்டார். நூலில் நாம் காண்பது முடிந்த வேலை. எந்தக் கேள்வி அடிக்கப்பட்டது, எந்தப் பிள்ளை விழித்தது, ஆசிரியர் எங்கே மனம் மாறினார் என்பதெல்லாம் வரைவுத் தாள்களில்தான் கிடக்கும். குடகனாற்றங்கரைப் பிள்ளைக்குப் பொருந்தும் கேள்வி எது என்று இன்று யோசிப்பவருக்கும் அந்த அடித்தல் திருத்தல்தான் பாடம்.

தாள்களைக் காத்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கல்கத்தாவின் உளப்பகுப்பாய்வாளர் கிரீந்திரசேகர் போஸும் ஃபிராய்டும் 1921 முதல் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆசைகளை மனம் உள்ளே அடக்கிவைப்பது பற்றி போஸ் முழுதாக ஒத்துப்போகாமல் வாதாடியது இன்றும் நமக்குத் தெரிகிறதென்றால், கடிதங்களை எடுத்து வைத்திருந்ததால்தான். ஜெர்மனியில் 1879இல் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வுண்டின் சொந்த நூலகம் அவர் மறைவுக்குப் பின் ஜப்பானின் செண்டாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் 1965இல் உளவியல் வரலாற்றுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் வைத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. சேர்க்க ஆள் இருந்தால் நம் பக்கமும் நடக்கிற காரியம்தான் இது.

நம் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்சிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் வினாத்தாள்கள், கையெழுத்துக் குறிப்புகள், மாணவர் ரெக்கார்டுகளைப் பிள்ளைகள் எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். உறையில் கல்லூரி பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். காந்திகிராமப் பல்கலைக்கழக நூலகம் இவற்றுக்கென ஓர் அலமாரியாவது ஒதுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். சோதனைக்கு உட்பட்ட குழந்தைகளின் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள தாள்களை மட்டும் தனியே கட்டி, அவர்கள் காலம் முடியும்வரை யாருக்கும் காட்டாமல் வைக்க வேண்டும். மற்றவற்றை ஆய்வு மாணவர்களுக்கு இப்போதே திறந்துவிடலாம்.