கண்ணை நம்பாதே, மீட்டரை நம்பு!



போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். வருசநாட்டில் எங்க சித்தப்பா, தென்னந்தோப்பு ஓரமாக நிழல்வலைக் குடில் போட்டு, குழித்தட்டில் தக்காளி நாற்று வளர்க்கிறார். நாற்றெல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்து, தண்டு நூலாக இளைத்து, வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தது. "உரம் பத்தலை"ன்னு யாரோ சொல்ல, உரத்துக்கு மேல் உரம் போட்டுக் கடன் ஏறியதுதான் மிச்சம்!

"சித்தப்பா, வெளிச்சம் பத்தலையோ?" என்றேன். "பட்டப் பகலாத்தானடா இருக்கு!" என்று சிரித்தார்.

அங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. உச்சி வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். நம்ம விடுதி அறையில் டியூப்லைட் தருவது 300, 400 லக்ஸ். படிக்க நமக்கு அது போதும். செடிக்கோ அது பட்டினி! ஆசிரியரிடம் கேட்டு லக்ஸ் மீட்டர் வாங்கிப் போய் அளந்தேன். வெளியே 90,000, குடிலுக்குள் வெறும் 12,000! 50 சதவீத வலை போட வேண்டிய இடத்தில் 75 சதவீத வலை. அதன்மேல் தூசி, தென்னை நிழல் வேறு. பணம் பாதாளம் வரை பாயும். வெளிச்சம் அந்த வலைக்குள் பாயவில்லை!

பலகைகள் ஏற்ற இறக்கமாக உள்ள பீப்பாயில், குட்டைப் பலகையின் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். பயிருக்கும் எது குறைவோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். 1828-ல் ஸ்பிரெங்கல் சொல்லி, பின்னர் லீபிக் பரப்பிய விதி இது. உரச்சத்துக்குச் சொன்னது, ஒளிக்கும் பொருந்தும். நெதர்லாந்து கண்ணாடிக்குடில்காரர்கள் "ஒரு சதவீத ஒளிக்கு ஒரு சதவீத விளைச்சல்" என்றே கணக்குப் போடுவார்கள்.

அதற்காக மற்றதை மறந்துவிட முடியாது. மூடிய குடிலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ கொட்டும். காற்றோட்டம் இல்லாவிட்டால் கரியமிலவாயு குறையும். பூவை அசைத்து மகரந்தம் உதிர்க்கவும் ஆளிருக்காது. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் உப்பு வேரைப் பாதிக்கும். ஆனால் கூரைக்குள் நுழைந்ததும் முதலில் குறைவது வெளிச்சம்தான். எனவே முதலில் அளக்க வேண்டியதும் அதுதான்.

சித்தப்பா வலையை மாற்றி, குடிலைத் தோப்பைவிட்டுத் தள்ளிப் போட்டார். அடுத்த தட்டு நாற்று குட்டையாக, தண்டு பருத்து நின்றது. உரம் பழைய அளவுதான்!

தோழர்களே! நம்ம ஆய்வகத்தில் லக்ஸ் மீட்டர் பீரோவுக்குள் தூங்குகிறது. ஊரில் குடில் போட்டவர் கடனில் தூக்கம் கெடுகிறார். இந்த வருடப் புராஜெக்டுக்கு ஆளுக்கு ஒரு குடிலை அளந்தால் என்ன?

அளப்போம்! பிறகு செலவழிப்போம்!

– இரண்டாமாண்டு மின்னியல் மாணவன்